புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்களில் மக்களின் கருத்தைக் கேட்பது எப்படி: கொழும்பில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"புற்றுநோய் பற்றிய கூட்டம்" என்று கொழும்பில் ஒரு நோட்டீஸ் ஒட்டிப் பாருங்கள். இலவசமாக செக் பண்ணுவார்கள் என்று நினைத்துப் பாதிப் பேர் வருவார்கள். டொக்டர் ஏதாவது சொல்வார், கேட்டுவிட்டுப் போகலாம் என்று மீதிப் பேர். தங்களிடம் ஒரு விஷயம் கேட்கப்போகிறார்கள், தாங்கள் சொல்வதை வைத்து ஏதாவது மாறும் என்று எண்ணி வருகிறவர் அனேகமாக யாரும் இல்லை.

இந்த வழிகாட்டி அந்த மூன்றாவது வகைக் கூட்டத்துக்கானது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலக ஊழியர்கள், மாதர் சங்கங்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயக் குழுக்கள், மருத்துவ மாணவர்கள் என்று யார் செய்தாலும் படிமுறை ஒன்றுதான். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது எப்படி என்பது இதில் இல்லை, அது வேறு வேலை.

மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். அதில் பெரும் பகுதி கூட்டத்துக்கு முன்பே போய்விடும், அப்படித்தான் போகவும் வேண்டும்.

1. முடிவு யார் கையில் என்று முதலில் பாருங்கள்

ஹோல் தேடுவதற்கு முன், ஆள் சேர்ப்பதற்கு முன், இதைச் செய்யுங்கள். மக்களிடம் எல்லாம் கேட்டு முடித்து, ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இனி இதை யாரிடம் கொடுப்பது" என்று அலைகிறவர்கள்தான் அதிகம்.

எந்த வயதில் எந்தப் பரிசோதனை என்பது தேசிய மட்டத்து முடிவு. தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும், நோய் அறிகுறி இல்லாத பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகளை வழிநடத்தும் குடும்ப சுகாதாரப் பணியகமும் இதில் வரும். கிளினிக் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டடத்தில், ரிப்போர்ட் எப்படிக் கைக்கு வரும் என்பவையெல்லாம் உள்ளூர் விஷயம், எம்.ஓ.எச். மட்டத்திலேயே பெரும்பாலும் பேசித் தீர்க்கலாம். மாநகர எல்லைக்குள் என்றால் கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். வத்தளைப் பக்கம் போனால் வேறு அலுவலகம், வேறு ஆட்கள்.

முதல் தடவை செய்கிறவர்கள் உள்ளூர்க் கேள்வியையே எடுங்கள். தேசிய மட்டத்தில் பதில் வர வருடக் கணக்காகும், அதற்குள் வந்தவர்கள் எல்லாம் கலைந்துவிடுவார்கள். கிளினிக் நேரம் மாறினால் அடுத்த மாதமே கண்ணால் பார்க்கலாம்.

ஆளைக் கண்டுபிடித்ததும் ஒரு கடிதம் கேளுங்கள். "மக்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதித் தரச் சொன்னால் எந்த அதிகாரியும் தரமாட்டார், தரவும் கூடாது. "எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் பதில் தருகிறோம்" என்றால் போதும். அந்தக் கடிதமும் கிடைக்கவில்லையா, ஆட்களைக் கூப்பிடாதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை வெறும் கையோடு அனுப்பினால் அடுத்த முறை அந்தத் தெருவிலிருந்தே ஒருவரும் வரமாட்டார்கள்.

2. இன்னும் முடிவாகாத ஒரே ஒரு கேள்வியை எடுங்கள்

"புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிப்பது முக்கியமா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்கு ஹோல் எடுத்து, பெட்டிஸ் வாங்கிக் கொடுத்துக் கேட்கத் தேவையில்லை.

நியாயமான இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். இப்படி:

சுகவனிதையர் கிளினிக்குக்கு 35, 45 வயதுப் பெண்களைத்தான் முக்கியமாகக் கூப்பிடுகிறார்கள். நம் பகுதியில் வராமல் இருப்பவர்களை எப்படி அணுகலாம்? மிட்வைஃப் வீட்டுக்கு வந்து சொல்வதா, போனில் சொல்வதா, வேலை செய்யும் இடத்திலேயே கிளினிக் வைப்பதா?

எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்ணே தனியாக எடுத்துக் கொடுக்கும் முறை வந்தால், எந்த நிபந்தனையோடு அதை ஏற்பீர்கள்?

இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும், மூட்டை தூக்கும் நாட்டாமிமாரைப் புறக்கோட்டையில் அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய்ப் பார்ப்பதா, அல்லது அவர்கள் கிளினிக்குக்கு வரும்வரை காத்திருப்பதா?

மூன்றையும் சேர்த்துக் கேட்கலாமே என்று குழுவில் யாராவது ஒருவர் சொல்வார். வேண்டாம். ஒரு கேள்விக்கே இரண்டு அரை நாள் தேவைப்படும்.

அப்புறம், கேள்வி உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று அதிகாரியிடம் நேராகக் கேளுங்கள். டெண்டர் போட்ட பிறகு, இடம் ஒதுக்கிய பிறகு கேட்பது சடங்கு. மக்கள் அதை அரை மணிநேரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

3. உங்கள் பகுதியின் எண்களை எடுங்கள்

எண் இல்லாமல் போனால் பேச்சு முழுக்க "எங்கள் பெரியம்மாவுக்கு வந்தது" என்றே ஓடும். அவை முக்கியமான கதைகள்தான், ஆனால் கிளினிக்கை எங்கே வைப்பது என்று அவை சொல்லாது.

எம்.ஓ.எச். அலுவலகத்தில் முதலில் வாயால் கேளுங்கள், பாதித் தகவல் அப்படியே கிடைக்கும். கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இலங்கைப் பிரசை யாரும் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். தகவல் கைக்கு வர அதற்கு மேலும் நாள் எடுக்கும் என்பதால் இதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

கேட்க வேண்டியவை நான்கு. இலக்கு வயதில் எத்தனை பெண்கள், அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு மேலதிகப் பரிசோதனை தேவை என்று வந்தது, அவர்களில் எத்தனை பேர் உண்மையில் போனார்கள். நான்காவதைக் கேட்க மறக்கிறவர்கள் நிறைய, எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. பாப் டெஸ்டில் (கருப்பை வாயிலிருந்து கலங்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) மாற்றம் தெரிந்த பெண், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கொல்போஸ்கோபிக்குப் போகாவிட்டால் முதலில் செய்த பரிசோதனையால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

தனி ஆட்களின் பெயர், ரிப்போர்ட் எதையும் கேட்காதீர்கள், தந்தாலும் வாங்காதீர்கள்.

4. ஆட்களைச் சேர்ப்பது

பன்னிரண்டிலிருந்து இருபது பேர் போதும். நூறு பேர் வந்தால் அது பொதுக்கூட்டம், மைக் பிடித்தவர் மட்டும்தான் பேசுவார்.

"விருப்பமானவர்கள் வரலாம்" என்று விட்டால் யார் வருவார்கள் என்பது தெரிந்ததே. வெள்ளவத்தையில் ஓய்வு பெற்ற ஐயாமார் நால்வர் முன் வரிசையில் உட்கார்ந்து நல்ல தமிழில் நீளமாகப் பேசுவார்கள். அவர்கள் வரட்டும், ஆனால் 35 வயதுப் பெண்ணின் கிளினிக் நேரத்தை அவர்கள் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. அதனால் இடங்களை முன்கூட்டியே பிரித்து வையுங்கள்: வயது, வேலை, மதம், வீட்டு மொழி, எல்லாவற்றையும் விட முக்கியமாக இதுவரை கிளினிக்குக்குப் போகாதவர்கள். பாதிப் பேராவது போகாதவர்களாக இருக்க வேண்டும். போனவர்களுக்கு ஏன் போகவில்லை என்று தெரியாது.

வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுப்பது நேர்மையான வழிபோலத் தோன்றும். கொழும்பில் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மலையகத்திலிருந்து வந்து கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள், போர்டிங்கில் இருக்கும் பிள்ளைகள், பலருடைய பெயர் ஊரில்தான் பதிவாகி இருக்கும். கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ வருடக்கணக்கில் இருப்பார்கள், பட்டியலில் இருக்கமாட்டார்கள். இவர்களுக்கென்று நான்கைந்து இடங்களைத் தனியாக ஒதுக்கி, போர்டிங் நடத்துகிறவர்கள், மரண உதவிச் சங்கங்கள், சீட்டுப் பிடிக்கும் அக்காமார் மூலமாகத் தேடுங்கள்.

அழைப்புக் கடிதத்தை அந்தப் பெண்ணின் பெயருக்கே எழுதுங்கள், வீட்டுத் தலைவர் பெயருக்கு வேண்டாம். மிட்வைஃப் கொண்டுபோய்க் கொடுத்தால் வீட்டில் நம்புவார்கள். ஆனால் கூட்டத்தில் அவர் இருக்கக் கூடாது. நாளைக்குத் தன் மகளின் கிளினிக் கார்டை எழுதப்போகிறவர் எதிரில் யாரும் கிளினிக்கைக் குறை சொல்லமாட்டார்கள்.

புற்றுநோயிலிருந்து குணமானவர்களைக் குழுவில் சேர்ப்பதா என்று எப்போதும் கேட்பார்கள். என் கருத்தில், அவர்கள் சாட்சி சொல்ல வரட்டும், வாக்குப் போடும் குழுவில் வேண்டாம். ஒருவர் கண்கலங்கித் தன் கதையைச் சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாற்றுக் கருத்துச் சொல்ல நம் ஆட்களுக்கு மனம் வராது. அவரோடு கூட, மாற்றம் இருக்கிறது என்று சொல்லப்பட்டு வாரக் கணக்கில் பயந்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்த ஒருவரையும் பேச வையுங்கள். பரிசோதனை அந்தப் பக்கமும் போகும் என்பது தெரிய வேண்டும்.

போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் கவரில் போட்டுக் கொடுங்கள். காசு கொடுத்தால் காசுக்காகத்தான் வருவார்கள் என்று சிலர் சொல்வார்கள், மாதச் சம்பளக்காரர் சொல்கிற பேச்சு அது.

5. தகவல் தாள்: இரண்டு பக்கம், இரண்டு பக்க நியாயமும்

இங்கேதான் அதிக நேரம் செலவழியும். சுகாதார அலுவலகம் தரும் துண்டுப் பிரசுரத்தை அப்படியே கொடுக்காதீர்கள். அது மக்களை வரச் சொல்வதற்காக எழுதியது, நன்மையை மட்டும் சொல்லும். முடிவெடுக்கிறவருக்குத் தீமையும் தெரிய வேண்டும்.

முதல் பத்தியிலேயே, இது நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குச் செய்யும் பரிசோதனை என்று எழுதுங்கள். மார்பில் கட்டி தெரிகிறவர், இரத்தம் போகிறவர், வாயில் ஆறாத புண் உள்ளவர் எந்தக் கூட்டத்துக்கும் காத்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

சதவீதம் போடாதீர்கள், ஆட்கணக்கில் சொல்லுங்கள். மார்பக எக்ஸ்ரேயான மெமோகிராமை எடுப்போம். 2012 இல் பிரித்தானியாவில் மைக்கல் மார்மட் தலைமையிலான குழு கணக்குப் பார்த்தது: 50 வயதில் தொடங்கி 20 வருடத்துக்கு 10,000 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தால் 43 பேர் மார்பகப் புற்றுநோயால் இறப்பது தடுக்கப்படும். 129 பேருக்கு, வாழ்நாளில் அவர்களை ஒன்றுமே செய்திருக்காத புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கான சிகிச்சையும் நடக்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். பிரித்தானியக் கணக்கு என்பதையும், இங்கே கிளினிக்கில் மெமோகிராம் இல்லாமல் கையால்தான் மார்பைப் பரிசோதிக்கிறார்கள் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.

"ஒன்றும் செய்யாத புற்றுநோயா?" என்று ஒருவராவது கேட்பார். தென் கொரியா நல்ல உதாரணம். அங்கே தைரொயிட்டை ஸ்கேன் செய்வது பரவியதும், 1993 க்கும் 2011 க்கும் இடையில் தைரொயிட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது 15 மடங்கானது, இறப்பு விகிதம் அப்படியே இருந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பரிசோதனையும் வீண் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மறுபக்கத்தையும் வையுங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் அசற்றிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய முறையைச் சோதித்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு சுமார் 35 சதவீதம் குறைந்திருந்தது. திருவனந்தபுரத்தில் வாயைக் கண்ணால் பார்த்த ஆய்விலும் புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடம் இறப்பு குறைந்தது. பக்கத்து ஊர் உதாரணம் என்றால் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். (ஆய்வில் வந்த சதவீதத்தை மட்டும் மாற்றாமல் விடலாம், ஆனால் கூட்டத்தில் வாயால் விளக்குங்கள்.)

எழுதி முடித்ததும் திட்டத்தை ஆதரிக்கும் ஒரு வைத்தியரிடமும் அதில் சந்தேகம் உள்ள இன்னொருவரிடமும் காட்டுங்கள். இருவரும் கொஞ்சம் முகம் சுளித்தால் தாள் சரியாக வந்திருக்கிறது.

அப்புறம் பத்தாம் வகுப்போடு நின்ற ஒருவரிடம் கொடுத்து, வாசித்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தையெல்லாம் திருத்துங்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் தாள் தயாராக இருக்க வேண்டும், ஒன்றை எழுதி மற்றதைக் கடைசி இரவில் மொழிபெயர்ப்பதல்ல.

6. நாளும் இடமும்

ஒரு முழு நாளுக்குப் பதிலாக ஒரு வார இடைவெளியில் இரண்டு அரை நாள். இடையில் வீட்டில் பேசிவிட்டு வருவார்கள், இரண்டாம் நாள் கேள்விகள் எப்போதும் கூர்மையாக இருக்கும்.

சனி பிற்பகல் ஓரளவு எல்லோருக்கும் சரிவரும். வெள்ளி மதியம் ஜும்ஆ, ஞாயிறு காலை பூசையும் அறநெறிப் பாடசாலையும். நோன்பு மாதத்தையும் நவராத்திரியையும் விட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரியிலோ எம்.ஓ.எச். அலுவலகத்திலோ வைக்காதீர்கள், அங்கே உட்கார்ந்தாலே எல்லோரும் நோயாளி ஆகிவிடுகிறார்கள். சனசமூக நிலையம், பாடசாலை மண்டபம் நல்லது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் பக்கத்து அறையும் வேண்டும்.

7. கூட்டத்தின் ஒழுங்கு

இந்த ஒழுங்கை மாற்றினால் முடிவே மாறும், அதனால் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள்.

முதலில் அவர்களைக் கேள்வி கேட்க விடுங்கள். டொக்டர் முதலில் பேசினால், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கருத்தும் "டொக்டர் சொன்ன மாதிரி" என்றுதான் தொடங்கும். தாளை வாசித்து, கேள்விகளைப் பலகையில் எழுதிய பிறகு வைத்தியர் வந்து அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். ஸ்லைட் வேண்டாம்.

பதில் சொன்னதும் அதிகாரிகள் வெளியே போய் ஒரு பிளேன் டீ குடிக்கட்டும். பேச்சு அவர்கள் இல்லாமல் நடக்க வேண்டும். இதையும் முதல் கடிதத்திலேயே எழுதி வைத்தால் அன்றைக்குச் சங்கடம் இல்லை.

மொழியைக் கவனியுங்கள். தமிழும் சிங்களமும் கலந்த குழுவில் நம் ஆட்கள் மரியாதைக்காகச் சிங்களத்துக்கு மாறிவிடுவார்கள், சொல்ல வந்ததில் பாதியைத்தான் சொல்வார்கள். உடம்பைப் பற்றிய பேச்சு என்றால் அந்தப் பாதியும் வராது. சின்னக் குழுக்களைத் தாய்மொழிப்படி பிரித்து, கடைசியில் மட்டும் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து மொழிபெயருங்கள். கருப்பை வாய், மார்பு பற்றிய பேச்சில் பெண்கள் தனியாக, நடத்துகிறவரும் பெண்ணாக.

எது வேண்டும் என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார்கள் என்று அதிகாரிகள் பயப்படுவார்கள். செலவைக் காட்டாமல் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு எளிய வழி புளியங்கொட்டை. ஒவ்வொருவர் கையிலும் பத்துக் கொட்டை, மேசையில் ஐந்து கோப்பை: மாலை நேரக் கிளினிக், சீக்கிரம் கிடைக்கும் ரிப்போர்ட், போனில் நினைவூட்டல், நடமாடும் கிளினிக், மெமோகிராம் மெஷின். முதல் சுற்றில் மெஷின் கோப்பை நிரம்பி வழியும். பிறகு ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: மெஷினை இயக்க ஆள், படத்தை வாசிக்க ரேடியோலஜிஸ்ட், சந்தேகம் வந்தால் சிறு துண்டு தசை எடுத்துச் சோதிக்கும் பயொப்சி, அதற்கான வரிசை. இரண்டாம் சுற்றில் கொட்டைகள் இடம் மாறும். கொட்டாஞ்சேனையில் ஒரு அம்மா பத்தையும் அள்ளி ரிப்போர்ட் கோப்பைக்குள் போட்டுவிட்டு, "மெஷின் வந்து என்ன, மூணு மாசமா பேப்பர் வரல்லியே" என்றார். அதற்குப் பிறகு அந்த மேசையில் வேறு பேச்சே இல்லை.

தகவல் கிடைத்தால் மக்கள் வேண்டாம் என்றும் சொல்வார்கள். நியூசிலாந்தில் 40 முதல் 49 வயதுப் பெண்களுக்கு அரசு மெமோகிராம் வழங்க வேண்டுமா என்று பதினொரு பெண்கள் கொண்ட குழுவிடம் கேட்டார்கள். சான்றுகளைக் கேட்டு விவாதித்த பிறகு பத்துப் பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். தயங்கும் அதிகாரியிடம் இதைச் சொல்லுங்கள், வேலை செய்யும்.

கடைசி வாக்கு இரகசிய வாக்காக இருக்கட்டும். கை தூக்கச் சொன்னால் முதல் கை தூக்கியவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள்.

8. எழுதுவது, கொடுப்பது, பதில் வாங்குவது

நான்கு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். கேள்வி, யார் வந்தார்கள், வாக்கு எத்தனைக்கு எத்தனை, ஏன், கீழே மாற்றுக் கருத்து. "பங்குபற்றியோர் ஒருமனதாக" என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். 11 க்கு 5 என்றால் 11 க்கு 5 என்றே இருக்கட்டும், அந்த ஐந்து பேரின் காரணம் அதிகாரிக்கு உங்கள் முடிவைவிடப் பயன்படக்கூடும். காரணங்களை அவர்கள் பேசிய வார்த்தையிலேயே போடுங்கள், பெயர் இல்லாமல்.

அனுப்புவதற்கு முன் வந்தவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். இந்தப் படியை எல்லோரும் தவறவிடுகிறார்கள், பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பிரச்சினை வரும். ஆய்வுக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால், நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதல் கூட்டத்துக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பின்னால் எடுக்க முடியாது.

அறிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்ததும், நல்லதோ கெட்டதோ, வந்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்து சொல்லி, கூட்டம் நடந்த இடத்தின் நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். சொன்ன மூன்று மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் கடிதம். அதற்கும் இல்லையென்றால் திரும்பவும் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம்: இந்தத் திகதியில் கிடைத்த அறிக்கை இப்போது யார் மேசையில் இருக்கிறது, அதன் மீது என்ன குறிப்பு எழுதப்பட்டது என்று இரண்டே கேள்வி, பதிவுத் தபால் ரசீதின் பிரதியோடு.